கனவு கண்டார், கதவும் திறந்தார்

கனவு காணாதார் உலகில் எவரும் இல்லை. கண்ட கனவைப் பொழுது விடிந்ததும் மறப்பவர் பலர். மறவாமல் பிறரிடம் சொல்லி மகிழ்பவர் சிலர். கனவில் கண்ட மாளிகையிலிருந்து ஒரு செங்கல்லையேனும் எடுத்துவந்து மண்ணில் வைத்துவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் பாடுபடுபவர் மிகமிகச் சிலர். அந்த மிகமிகச் சிலருள் ஒருவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

விஞ்ஞானக் கற்பனைக் கதை என்றதும் நம் மன்றத்து நண்பர்கள் ஜூல்ஸ் வெர்னைச் சொல்வார்கள், எச்.ஜி. வெல்ஸைச் சொல்வார்கள், தமிழில் சுஜாதாவைச் சொல்வார்கள். மாயக் கதை என்றதும் பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதை நினைவுக்கு வரும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, அதில் நையாண்டியையும் சேர்த்து, 1905ஆம் ஆண்டிலேயே ஓர் இந்தியப் பெண்மணி கதை படைத்தார். அவர்தாம் பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன். கொல்கத்தாவில் கல்வி பயில வந்திருக்கும் நமக்கு அவர் அயலார் அல்லர். அவர் நிறுவிய பள்ளி இந்நகரில் லார்டு சின்ஹா சாலையில் இருக்கிறது. அவர் உடல் அடங்கிய சோத்பூர், சியால்டாவிலிருந்து புறநகர் ரயிலில் சென்றுவரக்கூடிய தொலைவில்தான் உள்ளது. அவருடைய அந்தக் கதையோ முதன்முதலில் அச்சேறியது நம் சென்னையில்! இவ்வளவு அருகில் இருந்தும் நம்மில் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இக்கட்டுரையை எழுத நான் துணிந்ததற்கு அதுவே காரணம்.

இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்து என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ரொக்கேயா பிறந்தார். தந்தையார் ஜமீந்தார், பல மொழிகள் அறிந்தவர். ஆண்மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி கற்பித்தார். பெண்மக்களுக்கோ திருக்குர்ஆனை ஓதப் பழகுவதும், சிறிது உருதும் பாரசீகமும் போதும் என்று நிறுத்திவிட்டார். வங்காள மொழி அவர்கள் மண்ணின் மொழி. எனினும் மேட்டுக்குடி முஸ்லிம் வீடுகளில் அது பாமரர் மொழி என்று ஒதுக்கப்பட்டது. ஆங்கிலமோ அந்நியர் மொழி என்று அஞ்சப்பட்டது. ஆகவே, பெண்கள் படிக்க விரும்பிய இரு மொழிகளும் அவர்களுக்கு மூடிய கதவுகளாகவே இருந்தன.

சென்னையில் வாழ்ந்தவர்கள் திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியை அறிவர். கோஷா என்றால் என்ன என்பதை ரொக்கேயா ஐந்து வயதிலேயே அறிந்துகொண்டார். ஆண்கள் கண்ணில் மட்டுமா படக்கூடாது? வீட்டுக்கு வரும் வேற்றுப் பெண்கள் கண்ணிலும் படக்கூடாது! ஒருமுறை உறவினர் வீட்டுப் பணிப்பெண்கள் இருவர் வந்து தங்கினார்கள். அவர்கள் போகும்வரை நான்கு நாட்கள் இந்தக் குழந்தை மாடியறை ஒன்றில் ஒளிந்து கிடந்தது. அதே வயதுடைய அக்காள் மகன் நினைத்தபோது கொண்டுவந்து கொடுத்த பாலே அதற்கு உணவு. பால் வராத வேளையில் பட்டினி. நண்பர்களே, ஐந்து வயதுக் குழந்தை செய்த குற்றம் யாது? பெண்ணாகப் பிறந்தது ஒன்றுதானே!

ஆனால் அவ்வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். இப்ராகிம் சாபர் என்பது அவர் பெயர். இரவில் தந்தையார் உறங்கிய பிறகு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கில எழுத்துகளையும் வங்காள எழுத்துகளையும் கற்றுக்கொடுத்தார். கதிரவன் மறைந்த பிறகே அந்தச் சிறுமிக்குக் கல்வி. பின்னாளில் இந்தப் பெண்ணே கதிரவன் ஒளியைக் கல்வியின் கருவியாக்கிக் கதை எழுதினார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வியப்பே மேலிடுகிறது. அக்காள் கரீமுன்னிசாவும் படிப்பில் ஆர்வம் கொண்டவர். உறவினர் தூற்றியதால் அவருடைய படிப்பு நிறுத்தப்பட்டது. இளமையிலேயே மணமும் முடிக்கப்பட்டது. ஆயினும் அவர் தாமே முயன்று கற்றார்; கவிதைகள் எழுதினார்; தங்கை வங்காள மொழியை மறவாதபடி பார்த்துக்கொண்டார். ரொக்கேயா தம் நூல்களில் ஒன்றை அக்காளுக்கும் மற்றொன்றை அண்ணனுக்கும் உரிமையாக்கி நன்றிக்கடன் செலுத்தினார்.

பதின்ம வயதிலேயே ரொக்கேயாவுக்கும் மணமாயிற்று. கணவர் சையது சகாவத் ஹுசைன், பீகாரிலுள்ள பாகல்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட். இங்கிலாந்து சென்று வந்தவர், உருது பேசுபவர், முதல் மனைவியை இழந்தவர், வயதில் மிக மூத்தவர். இவ்வளவையும் கேட்டவுடன் இப்பெண்ணின் வாழ்வு இருண்டிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் நிகழ்ந்தது வேறு. மனைவி படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆங்கிலம் பேசவும் எழுதவும் துணைநின்றார். 1902இல் ரொக்கேயாவின் முதல் கட்டுரை வங்காள இதழ் ஒன்றில் வெளிவந்தது. தொடர்ந்து வந்த கட்டுரைகள் 'மோதிசூர்' என்னும் நூலாயின. முத்தைப் பொடித்த தூள் என்பது அதன் பொருள். பெயர்தான் மென்மையானது. பெண்கள் அணியும் பொன் வளையலையும் கைதியின் கைவிலங்கையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்ட கட்டுரைகள் அதில் உண்டு!

நிற்க. இனி அந்தப் புகழ்பெற்ற கதைக்கு வருவோம். கணவர் அலுவல் காரணமாகச் சுற்றுப்பயணம் போயிருந்தார். வீட்டில் தனித்திருந்த ரொக்கேயா, பொழுதும் போகட்டும், தம் ஆங்கிலத் திறமையையும் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு கதை எழுதினார். திரும்பிவந்த கணவர் அதை நின்றவாறே முழுவதும் படித்து முடித்தாராம். ஆண் இனத்தின்மீது இவள் கடுமையாகப் பழி தீர்த்துக்கொண்டாள் என்று வியந்தாராம். சினந்து கிழித்தெறியவில்லை, அச்சுக்கு அனுப்ப ஊக்கினார். கதையின் பெயர் 'சுல்தானாவின் கனவு'. 1905இல் அதை வெளியிட்டது, சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசீன்' என்னும் மாதர் இதழ். அதே ஆண்டில் அதே சென்னையில்தான் நம் பாரதியார் 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் இதழுக்கு ஆசிரியரானார். அன்று சென்னையில் பெண்ணுரிமைக் காற்று இரு சாளரங்களின் வழியே வீசியது எனலாம். 1908இல் கதை கல்கத்தாவில் தனி நூலாகவும் வந்தது.

கதை இதுதான். சுல்தானா என்னும் பெண் தன் அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியவாறு கண் அயர்கிறாள். சாரா என்னும் தோழியைப் போன்ற ஒருத்தி வந்து அவளை வெளியே அழைத்துச் செல்கிறாள். பட்டப்பகலில் தெருவில் நடக்கிறோமே என்று சுல்தானா கூசுகிறாள். எதிரே வருபவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டால், அவள் ஆண்பிள்ளை போல் இருக்கிறாளாம்! ஆண்பிள்ளை போல் என்றால் அந்த ஊரில் கூச்சமும் அச்சமும் உடையவள் என்று பொருள். ஏனெனில் அது மங்கையர் நாடு. அங்கே ஆண்கள் எல்லாரும் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள், சமைக்கிறார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள்.

நகரமோ ஒரு பூந்தோட்டம். அடுக்களையில் கரியில்லை, புகையில்லை. கதிரவன் வெப்பத்தைச் சேமித்துவைத்துச் சமைக்கிறார்கள். மேகமண்டலத்தில் ஒரு பெரிய பலூனை மிதக்கவிட்டு, அதிலிருந்து குழாய் வழியே வேண்டிய நீரை இறக்குகிறார்கள். ஆதலால் வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை. வயலை மின்சாரம் உழுகிறது. பயணம் செய்ய வான ஊர்தி இருக்கிறது. ஒரு பலகை, இரண்டு இருக்கைகள், ஹைட்ரஜன் நிரப்பிய இரண்டு பந்துகள், மின்சாரத்தால் சுழலும் சிறகுகள், அவ்வளவுதான். வேலை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி. ஏழு மணி நேரம் அலுவலகத்தில் இருந்த ஆண்கள், அதில் ஆறு மணி நேரத்தைச் சுருட்டுப் பிடித்தே கழித்தார்களாம். ஒரு சுருட்டுக்கு அரை மணி வீதம் பன்னிரண்டு சுருட்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள் சாரா. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சுருட்டுக்கு ரொக்கேயா எழுதிய ஆங்கிலச் சொல், நம் தமிழ்ச் சுருட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்லேயாகும்!

இந்த நிலை எப்படி வந்தது? இங்குதான் கதையின் உயிர் இருக்கிறது. அந்நாட்டு அரசி பெண்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்று ஆணையிட்டாள். 21 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்றாள். பெண்களுக்கென்றே இரண்டு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று மேகத்திலிருந்து நீரெடுக்கும் வழியைக் கண்டது. மற்றொன்று கதிரவன் வெப்பத்தைத் திரட்டும் கருவியைக் கண்டது. படைபலத்தைப் பெருக்குவதிலேயே முனைந்திருந்த ஆண்கள் இவற்றைக் கேலி செய்தார்கள். பின்னர் அண்டை நாட்டோடு போர் மூண்டது. அடைக்கலம் புகுந்த சிலரைத் திருப்பி அனுப்ப அரசி மறுத்ததே போருக்குக் காரணம். ஆண்படை தோற்றது, பகைவர் நகரை நெருங்கினர். அப்போது இரண்டாம் பல்கலைக்கழகத்தின் தலைவி ஒரு வழி சொன்னாள். காயமும் களைப்புமாகத் திரும்பிய ஆண்கள் வீட்டுக்குள் சென்று இளைப்பாறும்படி வேண்டப்பட்டனர்; அவர்களும் அதையே வரமாகக் கொண்டு உள்ளே புகுந்தனர். இரண்டாயிரம் மாணவியர் தலைவியுடன் போர்க்களம் சென்றனர். திரட்டிய கதிர் வெப்பத்தைப் பகைவர்மேல் திருப்பினர். பகைவர் பதறி ஓடினர். வாள் ஒன்று வீசாமல் வெற்றி கிட்டியது. வீட்டுக்குள் போன ஆண்கள் பிறகு வெளியே வரவேயில்லை!

பெண்கள் ஆளும் நாடு என்றதும் நமக்கு அல்லி அரசாணி நினைவுக்கு வருவாள். வீட்டில் பெண்குரல் சற்று ஓங்கினாலே அல்லி ராஜ்யம் என்று நகைப்பது நம் வழக்கம். அந்த அல்லியின் முடிவு யாது? அர்ச்சுனன் வஞ்சகமாக நுழைந்து அவள் கழுத்தில் தாலி கட்டியதும் அவள் வீரம் அடங்கிவிடுகிறது. அல்லிக்கு வாள் இருந்தது, யானை இருந்தது, பல்கலைக்கழகம் இல்லை. ரொக்கேயா படைத்த நாட்டின் வலிமை உடல் வலிமையன்று, கல்வி வலிமை. வாளைப் பறிக்கலாம்; தாலி கட்டி அடக்கலாம்; கற்ற கல்வியை எவ்வாறு பறிப்பது?

இக்கதையைப் பற்றி விடுதி நண்பர் ஒருவருடன் ஓரிரவு நெடுநேரம் வாதாடினேன். பெண்ணைப் பூட்டிவைப்பது தவறானால் ஆணைப் பூட்டிவைப்பதும் தவறுதானே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அக்கேள்வி பிறக்க வேண்டும் என்பதற்காகவே அம்மையார் அவ்வாறு எழுதினார் என்று நான் கருதுகின்றேன். ஆணை வீட்டுக்குள் வைத்துக் கதை எழுதினால் நமக்கு உடனே அநீதி தெரிகிறது. பெண்ணை வீட்டுக்குள் வைத்து நூற்றாண்டுகள் கடந்தும் தெரியவில்லையே! கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். அதனால் முகம் பொய்யாகிவிடாது. இந்தக் கதையும் அத்தகைய கண்ணாடிதான். என் நண்பர் முழுவதும் உடன்படவில்லை. ஆயினும் அடுத்த வாரம் அவரே நூலகத்திலிருந்து கதையை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

காலத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானம் பறக்கவிட்டது 1903 டிசம்பரில். அதற்கு ஈராண்டுக்குள் பாகல்பூர் அந்தப்புரத்தில் இருந்த ஒரு பெண் மின்சார வான ஊர்தியை எழுதுகிறார். பெண்கள் மட்டும் வாழும் நாட்டைப் பற்றி அமெரிக்காவின் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய 'ஹெர்லாண்டு' வந்தது 1915இல், பத்தாண்டுகள் பின்பு. 21 வயதுவரை திருமணம் கூடாது என்று கதையரசி ஆணையிட்டது 1905இல். நம் நாட்டில் 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்கு வரையறுத்த வயதோ 14தான். விஞ்ஞானக் கருவிகளை அவர் வெறும் வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை. புகையில்லா அடுப்பு யாருக்கு வேண்டும்? அடுக்களையில் கண் எரிய நிற்பவளுக்கு வேண்டும். குழாய்நீர் யாருக்கு வேண்டும்? குடம் சுமப்பவளுக்கு வேண்டும். வெல்ஸும் வெர்னும் சந்திரனுக்கும் கடலடிக்கும் விஞ்ஞானத்தை அனுப்பினார்கள். இவர் அதை அடுக்களைக்கு அழைத்துவந்தார்.

அவர் எழுதிய பிற கதைகளிலும் இக்கலப்பைக் காணலாம். 'ஞானபலம்' என்னும் கதையில் ஏதேன் தோட்டத்து ஆதாம் ஏவாள் கதையும் தேவதைக் கதையும் கலக்கின்றன. அறிவுக் கனியை மண்ணுலகுக்குத் தந்தவள் பெண். அவளுக்கே அக்கனி மறுக்கப்பட்டதும் மரம் பட்டுப்போகிறது. 'முக்திபலம்' நோயுற்ற தாய்க்கு விடுதலைக் கனி தேடும் மக்களின் கதை. நாட்டுவிடுதலையை அதில் உருவகமாக்கினார். புராணம், பாட்டிக்கதை, விஞ்ஞானம், அரசியல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உலையில் இட்டு அவர் சமைத்தார். எந்தக் கதையிலும் கேள்வி ஒன்றுதான்: அறிவு யாருக்கு உரியது?

கதை எழுதியதோடு நின்றிருந்தால் அவர் நல்ல எழுத்தாளர் என்ற அளவில் நின்றிருப்பார். அவர் வாழ்க்கை அவரை அவ்வளவில் நிற்கவிடவில்லை. பிறந்த இரு பெண்குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்தன. கணவர் நீரிழிவு நோயால் 1909 மே 3ஆம் நாள் காலமானார். பெண்கள் பள்ளிக்கென அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கிவைத்திருந்தார். துயரத்தில் மூழ்கிக் கிடக்காமல், ஐந்தே மாதங்களில், அக்டோபர் 1ஆம் நாள் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ரொக்கேயா பள்ளி தொடங்கினார். சொத்துப் பூசலால் அவ்வூரில் இருக்க முடியாமல் போயிற்று. அனைத்தையும் விட்டுக் கல்கத்தா வந்தார். 1911 மார்ச் 16ஆம் நாள் வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாணவியருடன் மீண்டும் பள்ளியைத் திறந்தார். கணவர் பெயரால் அது சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி ஆயிற்று.

மங்கையர் நாட்டில் இரண்டாயிரம் மாணவியர். வலியுல்லா சந்தில் எட்டுப் பேர்! கனவுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவு இதுதான். அந்தத் தொலைவைக் கடக்க அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. பள்ளிக்கூடம் என்ற ஒன்றில் அவர் படித்ததே இல்லை. ஆகவே, பிற பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பு எவ்வாறு நடக்கிறது என்று பார்த்துக் கற்றார். வீடு வீடாகச் சென்று பெண்பிள்ளைகளைக் கேட்டார். கோஷாவைக் கடிந்து எழுதியவர், பள்ளி நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தாமே புர்க்கா அணிந்து தெருவில் நடந்தார். இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். தாம் முகம் மூடினால் எட்டுச் சிறுமியருக்குப் புத்தகம் திறக்கும் என்றால், மூடுவதே அன்றைய வீரம்.

பள்ளி வண்டியின் கதை ஒன்றே போதும், அவர் நிலையை விளக்க. சிறுமியரை அழைத்துவர ஒரு மோட்டார் பஸ் ஏற்பாடாயிற்று. வெளியார் கண் படாதபடி அது முற்றும் அடைக்கப்பட்டிருந்தது. காற்றுக்குச் சிறு வலைத் துண்டு தவிர வேறு வழியில்லை. உள்ளே இருளிலும் வெப்பத்திலும் குழந்தைகள் அழுதனர், வாந்தி எடுத்தனர், மயங்கி விழுந்தனர். நகரும் இருட்டறை என்று அவ்வண்டிக்குப் பெயர் வைத்தவர்களும் உண்டு. சரி என்று பலகையைத் திறந்து திரை தொங்கவிட்டால், வேறு வகைக் கடிதங்கள் வந்தன. காற்றில் திரை அசைகிறதாம், கோஷா கெடுகிறதாம், உடனே சரிசெய்யாவிட்டால் செய்தித்தாள்களில் எழுதிப் பெண்களை வரவிடாமல் செய்வார்களாம்! மூடினால் குழந்தைகள் சாகும்; திறந்தால் பள்ளி சாகும். வானத்தில் பறக்கும் ஊர்தியை எழுதிய கை, ஒரு பஸ்ஸின் திரைச்சீலைக்குத் தீர்வு தேடித் தவித்தது. அவர் வாழ்வில் என்னை மிகவும் வருத்திய நிகழ்ச்சி இதுவே.

ஆயினும் பள்ளி நின்றுவிடவில்லை. 1915க்குள் மாணவியர் தொகை எண்பதைத் தாண்டியது. மொழிகளோடு தையல், சமையல், முதலுதவி, நோயாளிப் பணிவிடை, உடற்பயிற்சி ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1916இல் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு சங்கம் கண்டார். ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் அது உதவியது. 1924இல் வெளிவந்த 'பத்மராகம்' என்னும் நாவலில் தாரிணி பவனம் என்ற இல்லத்தைப் படைத்தார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பிரம்ம சமாஜத்தார் என்ற வேறுபாடின்றிப் பெண்கள் கூடிவாழ்ந்து, பள்ளியும் தொழிற்கூடமும் மருத்துவ இல்லமும் நடத்துகிறார்கள். மங்கையர் நாடு இப்போது வானிலிருந்து இறங்கி வங்காள மண்ணில் ஒரு வீடாக நிற்கிறது. ஆண்களைப் பூட்டிவைக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. பள்ளி நடத்திய பட்டறிவு கற்பனையையும் கனியவைத்தது என்பதை இந்நாவல் காட்டுகிறது.

1931இல் 'அவரோத்பாசினி' என்னும் நூல் வந்தது. கோஷாவுக்குள் நடந்த 47 உண்மை நிகழ்ச்சிகள் அடங்கியது. கியூல் ரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது புர்க்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்த ஓர் அம்மையாரை ஆண்கள் எவரும் தொட்டுத் தூக்கக்கூடாது என்று பணிப்பெண் தடுத்துவிட்டாள். வண்டி காத்திருந்து, பின் நகர்ந்தது; அவர் நசுங்கி உயிர்விட்டார். அவர் ரொக்கேயாவின் கணவருக்கு உறவினர். இத்தகைய உண்மைகளைப் படித்த பிறகு 'சுல்தானாவின் கனவை' மீண்டும் படித்தேன். முதல்முறை சிரித்த இடங்களில் இம்முறை சிரிப்பு வரவில்லை.

இருள் மட்டுமே அவர் வாழ்க்கை என்று எண்ணிவிட வேண்டா. 1930இல் முராத் என்னும் இளம் விமானி அவரை விமானத்தில் ஏற்றிப் பறந்தார். ஐம்பது மைல் வானப் பயணம் என்று தலைப்பிட்டு அதையே ஒரு கட்டுரையாகவும் எழுதினார் அம்மையார். கதையில் சுல்தானா வான ஊர்தியிலிருந்து நழுவி விழுகிறாள். விழித்துப் பார்த்தால் அதே அறை, அதே சாய்வு நாற்காலி. கால் நூற்றாண்டு கழித்து, அக்கதையை எழுதியவரோ ஐம்பதாம் வயதில் உண்மையிலேயே மேகத்தினிடையே பறந்தார். விழவில்லை. தரையிறங்கி, மறுபடி பள்ளி வேலைக்குத் திரும்பினார்.

1932 டிசம்பர் 9ஆம் நாள், தம் 52ஆம் பிறந்தநாளன்றே, பேகம் ரொக்கேயா மறைந்தார். முந்திய இரவுகூட எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணின் உரிமை பற்றிய அந்தக் கட்டுரை முடிவுறாமல் மேசைமேல் இருந்தது. வங்கதேசம் டிசம்பர் 9ஆம் நாளை அவர் பெயரால் கொண்டாடுகிறது. டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவியர் விடுதி ஒன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஸ்பெயின் நாட்டு இசபெல் எர்கேரா 'சுல்தானாவின் கனவைத்' தழுவிய ஓவியத் திரைப்படத்தை 2023இல் வெளியிட்டார். 2024இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில், ஆசிய பசிபிக் பகுதிப் பட்டியலில், இந்தக் கதை இடம்பெற்றது. அந்தப்புரத்துச் சாய்வு நாற்காலியில் பிறந்த கனவு உலகின் உடைமையாகிவிட்டது.

மாணவத் தோழர்களே, தோழியரே! மங்கையர் நாட்டைக் காத்தது கோட்டையன்று, பல்கலைக்கழகம். ஆற்றல் மிக்கோர் கேலி செய்த நேரத்திலும், அப்பல்கலைக்கழகத்தார் மக்களுக்கு வேண்டிய நீரையும் நெருப்பையும் பற்றியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நாமும் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறோம். நம் ஆராய்ச்சியால் எந்த அடுக்களையில் புகை குறையும், யார் தலையிலிருந்து குடம் இறங்கும் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணுக்கும் வேலைக்கும் மட்டுமே படிப்பு என்றால், ஏழு மணி நேரத்தில் ஆறு மணியைச் சுருட்டில் கழித்தவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

வரும் டிசம்பர் 9ஆம் நாள் நம் மன்றத்தார் சிலர் சேர்ந்து சோத்பூர் சென்றுவரலாம் என்பது என் வேண்டுகோள். போகும்போது ரயிலில் 'சுல்தானாவின் கனவைப்' படித்துக்கொண்டே போகலாம். சிறிய கதைதான், ஊர் வந்து சேருமுன் முடிந்துவிடும்.